பழைய கன்ரர் லொறிக்கு இரும்புப் பின்தட்டு: பாரம் கூடிவிடுமா?

முத்தையன்கட்டு உழவன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கத்தில் வயல் செய்கிறோம். எங்களிடம் 1980களின் பிற்பகுதியைச் சேர்ந்த ஒரு கன்ரர் லொறி இருக்கிறது. இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது. ஆனால் மரப்பெட்டியின் அடிப்பலகைகள் உக்கிவிட்டன, குறுக்குமரங்களில் இரண்டு முறிந்துவிட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய லொறிகளின் விலை எங்கே போனது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. இதையே இன்னும் பல போகங்களுக்கு ஓட்ட வேண்டும்.

வவுனியாவில் பழைய வாகனங்களை உடைத்து விற்கும் ஓரிடத்தில், இதைவிடப் பெரிய லொறியொன்றிலிருந்து கழற்றிய இரும்புப் பின்தட்டு ஒன்று கிடைக்கிறது. பக்கப்பலகை கிடையாது. முன்புறத்தில் மட்டும் நான்கு அடி உயரத் தடுப்பு உண்டு. நீளம் 16 அடி, அகலம் 7 அடி. மேலே 4 மில்லிமீற்றர் செக்கர் தகடு (வழுக்காதிருக்கப் பூ வேலைப்பாடு உள்ள இரும்புத் தகடு), கீழே நீளவாக்கில் நான்கு அங்குலச் சனல் (ப வடிவ இரும்புச் சட்டம்) இரண்டு, அவற்றுக்கு மேல் 16 அங்குலத்துக்கு ஒன்றாக மூன்று அங்குலச் சனலில் குறுக்குச் சட்டங்கள், சுற்றிவரவும் அதே மூன்று அங்குலச் சனல். எங்கள் மரப்பெட்டி 14 அடி நீளம், ஆறரை அடி அகலம். விற்பவர் "ஒரு 600 கிலோ வரும், மரப்பெட்டியும் அவ்வளவுதான்" என்று சொல்கிறார். நாலு பேர் சேர்ந்து ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தோம். அசையவில்லை.

பதிவுப் புத்தகத்தில் வெற்று நிறை 2,280 கிலோ என்றும் மொத்த நிறை 5,500 கிலோ என்றும் உள்ளது. லொறியுடன் வந்த பழைய கையேட்டில் முன் அச்சுக்கு 2,100 கிலோவும் பின் அச்சுக்கு 3,700 கிலோவும் உச்சவரம்பாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ரயர் 7.00-16, முன்னால் இரண்டு, பின்னால் நான்கு. பெரும்போக அறுவடையில் நெல் ஏற்றுவதுதான் முக்கிய வேலை. மற்றக் காலங்களில் சீமெந்து, லாண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்), வறட்சி வந்தால் தண்ணீர்த் தாங்கி ஆகியவை ஏறும். இந்தத் தட்டு இந்த லொறிக்குப் பாரமா என்பதை வாங்கும் முன்னர் எப்படிக் கணிப்பது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பரந்தன் கராச் எழுதியது:

வணக்கம் தம்பி. நீங்கள் அளவுகளைச் சரியாகக் கொடுத்திருப்பதால், தட்டைத் தராசில் ஏற்றாமலேயே அதன் நிறையைப் பெரிய பிழையில்லாமல் சொல்லிவிடலாம். இரும்புத் தகடு ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு சதுர மீற்றருக்கு 7.85 கிலோ வரும். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்திருந்தால் பழைய இரும்பு விற்பவர் எவரும் உங்களிடம் நிறையைக் குறைத்துச் சொல்ல முடியாது.

உங்கள் தட்டு 4.88 மீற்றர் நீளமும் 2.13 மீற்றர் அகலமும் கொண்டது. பரப்பளவு ஏறத்தாழ 10.4 சதுர மீற்றர். 4 மில்லிமீற்றர் தகட்டுக்கு 31.4 கிலோ, அதன் மேலுள்ள பூ வேலைப்பாட்டையும் சேர்த்தால் சதுர மீற்றருக்கு 33 கிலோ அளவில் வரும். ஆகவே மேற்தகடு மட்டும் 340 கிலோவைத் தாண்டுகிறது. நான்கு அங்குலச் சனல் மீற்றருக்குப் பத்துக் கிலோ என்று கொண்டால், நீளச் சட்டங்கள் இரண்டும் சேர்ந்து நூறு கிலோ. மூன்று அங்குலச் சனல் மீற்றருக்கு ஏழு கிலோ. 16 அங்குலத்துக்கு ஒன்று என்றால் குறுக்குச் சட்டங்கள் பதின்மூன்று வரும், அவை 190 கிலோவுக்கு மேல். சுற்றுச் சட்டம் இன்னொரு நூறு. முன்தடுப்பு அதன் சட்டகத்தோடு தொண்ணூறு. கொக்கிகள், ஆணிகள், விளக்குச் சட்டம், சேற்றுத்தகடு எல்லாவற்றையும் சேர்த்தால் 850 கிலோவுக்குக் குறையாது. விற்பவர் சொன்ன 600 என்பது எந்தக் கணக்கிலும் வராது.

இனி உங்கள் மரப்பெட்டியைப் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பெட்டிகள் பெரும்பாலும் முதிரையிலும் பாலையிலும் செய்தவை. காய்ந்த முதிரை கன மீற்றருக்கு 900 கிலோவுக்குக் குறையாமல் நிற்கும். பாலை அதைவிடக் கூட, தண்ணீரில் போட்டால் தாழும். அடிப்பலகை ஓர் அங்குலத் தடிப்பு, அதன் கீழ் நீளமரம் இரண்டு, குறுக்குமரம் ஒன்பது, ஒன்றரை அடிப் பக்கப்பலகைகள், இரும்புக் கோணங்கள், தாழ்ப்பாள்கள் என்று கூட்டிப்பார்த்தால் 500 முதல் 550 கிலோவுக்குள் வரும். ஆக, நீங்கள் ஏற்றப்போவது முன்னூறு, முன்னூற்றைம்பது கிலோ அதிகப் பாரம். நெல்லாகக் கணக்கிட்டால் அது ஐந்து மூடை.

இங்கே பலர் நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றையும் திருத்திவிட விரும்புகிறேன். மரம் என்றால் பாரமில்லை, இரும்பு என்றால் பாரம் என்பது சரியல்ல. ஓர் அங்குல முதிரைப் பலகை சதுர மீற்றருக்கு 22 அல்லது 23 கிலோ. 3 மில்லிமீற்றர் வெற்றுத் தகடும் ஏறத்தாழ அதே நிறைதான். உங்களுக்குக் கிடைத்திருக்கும் தட்டுப் பாரமாக இருப்பதற்குக் காரணம், அது பெரிய லொறிக்காகக் கட்டப்பட்டது என்பதுதான். நான்கு மில்லிமீற்றர் தகடும் பதினாறு அடி நீளமும் அந்த லொறிக்குத் தேவைப்பட்டன, உங்களுக்குத் தேவையில்லை.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் தராசுதான் கடைசிச் சொல். அரிசி ஆலைகளில் வாகனத் தராசு இருக்கிறது. நெல் வரும் காலம் அல்லாத ஒரு நாளில் கேட்டால் சிறு தொகைக்கு நிறுத்துத் தருவார்கள். முதலில் உங்கள் லொறியை இப்போதுள்ள பெட்டியுடன், டீசல் தாங்கியை நிரப்பி, சாரதி இறங்கிய நிலையில் நிறுங்கள். நூறு லீற்றர் டீசல் 84 கிலோ அளவில் வரும் என்பதால், தாங்கி காலியாக இருந்தால் எண் பொய் சொல்லும். முழு லொறியையும் நிறுத்த பிறகு முன் சக்கரங்களை மட்டும் தராசில் வைத்து ஒரு தடவை, பின் சக்கரங்களை மட்டும் வைத்து இன்னொரு தடவை நிறுங்கள். இரண்டையும் கூட்டினால் முழு நிறைக்கு அருகில் வரவேண்டும். தராசுக்கு முன்னும் பின்னும் நிலம் சமமாக இல்லாவிட்டால் வராது. பதிவுப் புத்தகத்தில் உள்ள 2,280 கிலோவை நம்ப வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய லொறியில் தடித்த பலகை மாற்றியிருப்பார்கள், இன்னொரு ரயர் தொங்கவிட்டிருப்பார்கள், இரும்பு ஒட்டியிருப்பார்கள். நான் நிறுத்துப் பார்த்த பழைய லொறிகளில் புத்தகத்தோடு ஒத்துப்போனவை குறைவு.

கனகராயன்குளம் சாரதி எழுதியது:

நான் இருபது வருடத்துக்கு மேலாக இதே வகை லொறி ஓட்டுகிறேன். அறுவடைக் காலத்தில் இந்த லொறிகளில் அறுபது, எழுபது மூடை ஏற்றி ஏ9 வீதியில் வவுனியா வரை போகாதவர்கள் இல்லை. அப்படியிருக்க முன்னூறு கிலோத் தட்டுக்காக இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னால் இரண்டு வில்லுத்தகடு கூடப் போட்டால் லொறி தாழாது. நல்ல இரும்புத் தட்டுக் கிடைப்பது அரிது. மரத்தில் புதிதாகச் செய்யப்போனால் மரத்துக்கு அனுமதி, தச்சுக்கூலி என்று அதைவிடச் செலவு வரும். நான் உங்கள் நிலையில் இருந்தால் வாங்கிவிடுவேன்.

வவுனியா வாகன வேலையாள் எழுதியது:

கனகராயன்குளம் அண்ணை சொல்வதில் செலவு பற்றிய பகுதி உண்மை. ஆனால் வில்லுத்தகடு பற்றிச் சொன்னதை நான் மரியாதையுடன் மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பக்கத்தில் பின் அச்சு முறிந்து வீதியோரத்தில் நிற்கும் லொறிகளில் பலவற்றில் தகடு கூட்டியிருப்பதைக் கண்டிருக்கிறேன். தகடு கூட்டினால் லொறியின் பின்பக்கம் தாழாமல் நிற்கும், அவ்வளவே. அச்சுக் குழாயும், சக்கரப் பெயாரிங்கும், பிறேக் டிரம்மும், சேசிஸ் சட்டமும் முன்பிருந்த அதே பொருட்கள்தான். அவற்றின் வலு ஒரு கிலோகூட உயராது. தாழ்ந்து நிற்பது பாரம் கூடிவிட்டது என்று லொறி நமக்குச் சொல்லும் முதல் அடையாளம். தகடு போட்டு அந்த அடையாளத்தை மறைத்துவிடுகிறோம். வில் விறைப்பானால் கிரவல் வீதியில் ஒவ்வொரு குழியின் அடியும் நேரே சேசிஸுக்குப் போகும்.

ரயரைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் ரயரின் பக்கத்தில் 118/114 என்று இருந்தால், தனியாக ஓடும்போது ஒன்றுக்கு 1,320 கிலோ, இரட்டையாக ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் 1,180 கிலோ என்று பொருள். முன்னால் 2,640, பின்னால் 4,720, மொத்தம் 7,360 கிலோ தாங்கும் என்று கூட்டிப்பார்த்துவிட்டு, லொறியும் ஏழு தொன் தாங்கும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். லொறியின் வரம்பு அதன் பாகங்களில் எது மிகவும் பலவீனமானதோ அதுதான். உங்கள் லொறியில் அது ரயர் அல்ல, பின் அச்சு.

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். தட்டு எத்தனை கிலோ என்பது பாதிக் கேள்விதான். அந்தக் கிலோ எந்த அச்சின் மேல் போய் உட்காருகிறது என்பது மற்றப் பாதி. 14 அடித் தட்டை 16 அடியாக்கும்போது கூடுகிற இரண்டு அடியும் பின்னால்தான் போகும், கபின் முன்னால் நிற்பதால் வேறு இடமில்லை. துலாவின் பின்னால் கல்லைத் தள்ளிக் கட்டக் கட்ட முன்பக்கம் இலகுவாக எழும்புவது போல, பின் அச்சுக்கு அப்பால் பாரம் போகப் போக முன் அச்சிலிருந்து பாரம் கழற்றப்பட்டுப் பின் அச்சில் ஏற்றப்படுகிறது. ஆகவே மூன்று அளவுகள் வேண்டும்: முன் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடு வரை எவ்வளவு, கபினின் பின்சுவரிலிருந்து பின் அச்சின் நடு வரை எவ்வளவு, சேசிஸ் சட்டம் பின் அச்சுக்குப் பின்னால் எவ்வளவு நீளம் இருக்கிறது. இவற்றுடன் தராசு எண்களும் வந்தால் முடிவாகச் சொல்லிவிடலாம்.

முத்தையன்கட்டு உழவன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மரப்பெட்டி எப்படியும் கழற்ற வேண்டியதுதான் என்பதால், பெட்டியுடன் ஒரு தடவையும் கழற்றிய பிறகு ஒரு தடவையும் லொறியை நிறுத்தோம். தராசு பத்துப் பத்துக் கிலோவாகக் காட்டுவது.

பெட்டியுடன் மொத்தம் 2,450 கிலோ. முன் அச்சில் 1,420, பின் அச்சில் 1,030. பரந்தன் அண்ணை சொன்னதுபோலப் பதிவுப் புத்தகத்தைவிட 170 கிலோ கூட. பெட்டி இல்லாமல் மொத்தம் 1,930, முன்னால் 1,350, பின்னால் 580. ஆகவே மரப்பெட்டி 520 கிலோ. விற்பவர் நல்ல மனிதர், தட்டைத் தன்னுடைய லொறியில் ஏற்றி நிறுத்துப் பார்க்கச் சம்மதித்தார். 860 கிலோ வந்தது. அவரும் ஆச்சரியப்பட்டார்.

அச்சுகளுக்கு இடையில் 3.35 மீற்றர். கபினின் பின்சுவரிலிருந்து பின் அச்சு வரை 2.70 மீற்றர். சேசிஸ் சட்டம் பின் அச்சுக்குப் பின்னால் ஒன்றரை மீற்றரில் முடிகிறது. மரப்பெட்டி கபினிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளித் தொடங்கியது. ரயரில் 118/114 என்றுதான் இருக்கிறது.

வவுனியா வாகன வேலையாள் எழுதியது:

இவ்வளவு ஒழுங்காக அளந்து தந்ததற்கு நன்றி தம்பி. இனிக் கணக்கு எளிது.

பழைய பெட்டி பின் அச்சுக்கு 2.60 மீற்றர் முன்னால் தொடங்கி 4.27 மீற்றர் நீண்டது. அதன் நடு பின் அச்சுக்கு 47 சென்ரிமீற்றர் முன்னால் இருந்தது. அதை 3.35 மீற்றரால் வகுத்தால் நூற்றுக்குப் பதினான்கு வரும். அதாவது, பெட்டியில் சமமாகப் பரப்பிய ஒவ்வொரு நூறு கிலோவிலும் 14 கிலோ முன் அச்சுக்கும் 86 கிலோ பின் அச்சுக்கும் போனது. உங்கள் தராசு எண்களும் இதையே காட்டுகின்றன: 520 கிலோப் பெட்டியில் முன்னால் 70 கிலோ இருந்தது. புதிய தட்டு அதே இடத்தில் தொடங்கினால் அதன் நடு பின் அச்சுக்கு வெறும் 16 சென்ரிமீற்றர் முன்னால்தான் வரும். நூறு கிலோவில் ஐந்து கிலோகூட முன்னால் போகாது.

பழைய பெட்டியுடன் மொத்த நிறை 5,500 கிலோவுக்குள் நிற்க வேண்டுமானால், சாரதிக்கும் உதவியாளுக்கும் 150 கிலோ ஒதுக்கி, 2,900 கிலோச் சரக்கு ஏற்றலாம். அப்போது பின் அச்சில் ஏறத்தாழ 3,520 கிலோ இருக்கும். 3,700 வரம்புக்குள் வசதியாக நிற்கிறது. புதிய தட்டைப் பூட்டினால் வெறும் லொறியே 2,790 கிலோ ஆகிறது, அதில் பின் அச்சில் 1,400. மொத்த நிறையை மட்டும் பார்த்தால் 2,560 கிலோச் சரக்கு ஏற்றலாம் என்று தோன்றும். ஆனால் அவ்வளவையும் தட்டு முழுவதும் பரப்பினால் பின் அச்சில் 3,840 கிலோ வந்துவிடும், வரம்பைவிட 140 கிலோ கூட. பின் அச்சை 3,700இல் நிறுத்த வேண்டுமானால் சரக்கு ஏறத்தாழ 2,420 கிலோவோடு நிற்க வேண்டும்.

இதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. தட்டின் பாரம் கூடியது 340 கிலோ, ஆனால் நீங்கள் இழக்கும் சரக்கு 480 கிலோ. மிச்சம் 140 கிலோவைப் பறித்தது தட்டின் நிறை அல்ல, அதன் நீளம். நிறையை மட்டும் ஒப்பிட்டு வாங்குகிறவர்கள் இந்த இழப்பைக் காண்பதே இல்லை, ஏனென்றால் மொத்த நிறை எப்போதும் 5,500க்குள்ளேயே இருக்கும். தராசுச் சீட்டும் சரியாக இருக்கும், பின் அச்சு மட்டும் தினமும் அளவுக்கு மேல் சுமந்துகொண்டிருக்கும்.

பின்னால் பாரம் கூடுவதன் மறுபக்கம் முன் சக்கரங்கள் இலேசாவது. பழைய பெட்டியுடன் முழுப் பாரத்தில் முன் அச்சில் 1,980 கிலோ அளவில் இருந்தது. புதிய தட்டில் 1,660 கிலோதான் இருக்கும். தார் வீதியில் பெரிதாகத் தெரியாது. மாரியில் களிமண் இளகிக் கிடக்கும் வயற்பாதையிலோ குளக்கட்டிலோ திருப்பும்போது, ஸ்ரியரிங் திரும்பும், முன் சக்கரம் நேரே வழுக்கும். முன்பக்கம் இலேசாக இருக்கும்போது பிறேக் அடித்தால் முன் சக்கரங்கள் விரைவில் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

முத்தையன்கட்டு உழவன் எழுதியது:

அண்ணை, மிகவும் தெளிவாகப் புரிந்தது. ஒரு சந்தேகம். 16 அடித் தட்டைப் பூட்டிக்கொண்டு சரக்கை முன்பக்கம் 14 அடிக்குள் மட்டும் அடுக்கினால் போதாதா? நீளமான மரமோ குழாயோ ஏற்றும் நாளில் மட்டும் பின்பக்கத்தைப் பயன்படுத்தலாமே.

வவுனியா வாகன வேலையாள் எழுதியது:

கணக்குப்படி அது சரிதான், மறைக்க மாட்டேன். 14 அடிக்குள் அடுக்கினால் 2,560 கிலோவையும் ஏற்றலாம், பின் அச்சு 3,600 அளவில் நிற்கும். ஆனால் அறுவடை நேரத்தில் மழை இருட்டிக்கொண்டு வரும்போது மூடை தூக்குகிறவர்களிடம் "பின்னால் இரண்டு அடியை விட்டுவிடுங்கள்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வெற்றிடம் கண்டால் அடுக்குவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வரம்பு மனிதரின் நினைவில் இருப்பதைவிட இரும்பிலேயே இருப்பது நல்லது என்பது என் நிலைப்பாடு.

மேலும், சேசிஸ் ஒன்றரை மீற்றரில் முடிகிறது என்றீர்கள். 16 அடித் தட்டு பின் அச்சுக்குப் பின்னால் 2.28 மீற்றர் நீளும். கடைசி 78 சென்ரிமீற்றருக்குக் கீழே தாங்க எதுவுமே இல்லை. லாண்ட்மாஸ்டரைப் பின்னாலிருந்து பலகை வைத்து ஏற்றும்போது அதன் முழுப் பாரமும் முதலில் அந்த அந்தரத்தில்தான் ஏறும். குளக்கட்டிலிருந்து இறங்கும்போது வால் நிலத்தில் உரசும். வளைவில் திரும்பும்போது வால் வெளியே வீசும், பக்கத்தில் சைக்கிளில் வருகிறவர் அதை எதிர்பார்க்க மாட்டார்.

ஆகவே என் ஆலோசனை: தட்டை வாங்குங்கள், ஆனால் பின்னாலிருந்து இரண்டு அடியை வெட்டிவிடுங்கள். தகட்டிலும் சட்டங்களிலும் சேர்த்து 90 கிலோ குறையும், தட்டு 770 கிலோவாகும். நடு மறுபடியும் 47 சென்ரிமீற்றர் முன்னுக்கு வந்துவிடும். வெறும் லொறி 2,700 கிலோ, சரக்கு 2,650 கிலோ, பின் அச்சில் 3,520. நீளத்தைக் குறைத்ததால், தட்டு முழுவதும் பரப்பி ஏற்றக்கூடிய சரக்கு 230 கிலோ கூடுகிறது. நான்கு மில்லிமீற்றர் தகட்டைக் கழற்றிவிட்டு மூன்று மில்லிமீற்றர் போட்டால் இன்னும் 70 கிலோ குறைக்கலாம். நெல்லுக்கும் சீமெந்துக்கும் மூன்று போதும், லாண்ட்மாஸ்டரின் இரும்புச் சக்கரத்துக்கு மட்டும் பலகை விரிக்க வேண்டும். அந்தச் செலவு தேவையா என்பதை நீங்களே தீர்மானியுங்கள், நான் அதைக் கட்டாயம் என்று சொல்லமாட்டேன்.

தண்ணீர்த் தாங்கியை மறக்க வேண்டாம். ஆயிரம் லீற்றர் ஒரு தொன். இரண்டாயிரம் லீற்றர்த் தாங்கி நிரம்பினால் உங்கள் 2,650இல் முக்கால் பங்கு போய்விடும். அது முன்தடுப்போடு ஒட்டி நிற்க வேண்டும், எப்போதும் நிரம்பியோ காலியாகவோ ஓட வேண்டும். பாதித் தண்ணீர் வளைவில் ஒருபக்கம் சரிந்தால் லொறியைச் சரித்துவிடும். மணல் ஏற்றும் எண்ணம் வந்தால், ஒரு கியூப் என்பது நூறு கன அடி, காய்ந்த மணல்கூட நான்கரைத் தொன் வரும் என்பதை நினைவில் வையுங்கள். இந்த லொறிக்கு அரைக் கியூப்தான், ஈர மணல் என்றால் அதுவும் இல்லை.

பரந்தன் கராச் எழுதியது:

வவுனியாத் தம்பியின் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். 5,500 என்பதும் 3,700 என்பதும் லொறி புதிதாக வந்த நாளின் எண்கள். இன்று அந்தச் சேசிஸ் அவ்வளவைத் தாங்குமா என்பதைக் கையேடு சொல்லாது.

பெட்டி கழற்றிக் கிடக்கும் இந்த நேரத்தை விட்டால் இனி இந்த வாய்ப்பு வராது. நீளமரம் படுத்திருந்த இடம் முழுவதையும் கம்பித் தூரிகையால் சுரண்டுங்கள். மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் தண்ணீர் தங்கி, துரு ஏடு ஏடாக எழும்பியிருக்கும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். கபினுக்கு நேர் பின்னால் சட்டத்தின் மேல் விளிம்பிலும், பின் வில்லின் முன் தாங்கி பூட்டியிருக்கும் இடத்திலும், குறுக்குச் சட்டம் தறைந்த இடங்களிலும் மயிரிழை வெடிப்புகள் இருக்கின்றனவா என்று எண்ணெய் துடைத்துவிட்டு வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். இந்த லொறி எப்போதாவது முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் ஏற்றியிருந்தால் இரட்டிப்புக் கவனம் தேவை. ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் சேசிஸின் உள்பக்கத்தைத் தின்றுவிடும், வெளியிலிருந்து பார்த்தால் வண்ணம் பளபளக்கும். பிறேக் டிரம்மையும் கழற்றி அளவு பாருங்கள். பல தடவை கடைந்து மெலிந்த டிரம் ஏ9 வீதியில் வெப்பத்தைத் தாங்காது. இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் தட்டைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

பூட்டும் விதத்தையும் கவனியுங்கள். இரும்புத் தட்டு மரப்பெட்டியைப் போல வளைந்து கொடுக்காது. கிரவல் வீதியில் சேசிஸ் முறுகும்போது விறைப்பான தட்டு அதோடு சேர்ந்து முறுகாமல், ஓரிடத்தில் எல்லா வலியையும் குவிக்கும். ஆகவே சேசிஸுக்கும் தட்டின் நீளச் சட்டத்துக்கும் நடுவில் வன்மரப் பட்டையோ தடித்த இறப்பரோ முழு நீளத்துக்கும் இட வேண்டும். நீளச் சட்டத்தின் முன்முனையைச் செங்குத்தாக விடாமல் சரிவாகச் சீவ வேண்டும். செங்குத்தாக முடிந்தால் அந்த விளிம்பு அழுத்தும் இடத்தில்தான், கபினுக்குப் பின்னால், சேசிஸ் வெடிக்கும். யூ ஆணி போட்டு இறுக்கும்போது சனலின் வாய் நசுங்காமல் உள்ளே முட்டுக்கட்டை வைக்க வேண்டும். புகைக்குழாய்க்குப் பக்கத்தில் அந்தக் கட்டை மரமாக இருக்கக் கூடாது. முன்பக்கத்து ஆணிகளுக்குச் சுருள்வில் கொடுத்துப் பூட்டினால் நம் வீதிகளுக்கு நல்லது. சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடவோ ஒட்டு (வெல்டிங்) வைக்கவோ எவரையும் அனுமதிக்காதீர்கள், "ஒரு சின்ன ஒட்டுத்தான்" என்று சொன்னாலும்கூட. தட்டில் ஒட்டு வேலை நடக்கும்போது மின்கல இணைப்பைக் கழற்றி வைத்தால் ஆல்ரனேற்றர் தப்பும்.

தட்டை வெட்டும்போது கடைசிக் குறுக்குச் சட்டம் வெட்டு விளிம்பிலேயே வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தகட்டின் முனை அந்தரத்தில் நின்று மூடை இழுக்கும்போதெல்லாம் வளையும்.

முத்தையன்கட்டு உழவன் எழுதியது:

இரண்டு அண்ணைமாருக்கும் நன்றி. இரண்டு அடியை வெட்டுவதாகத் தீர்மானித்துவிட்டோம், தகட்டை மாற்றப்போவதில்லை. சேசிஸை இன்று சுரண்டத் தொடங்கினோம். இடது பக்கத்தில், பின் வில்லின் முன் தாங்கிக்கு மேலே, துரு ஏடாக எழும்பியிருக்கிறது. வெடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. பரந்தனுக்கு லொறியைக் கொண்டுவந்து காட்டலாமா அண்ணை? பெட்டி இல்லாமல் ஓட்டிவருவதில் சிக்கல் உண்டா?

பரந்தன் கராச் எழுதியது:

கொண்டுவாருங்கள் தம்பி. மாங்குளம் போய் ஏ9 வழியாக வாருங்கள், சுற்றென்றாலும் பரவாயில்லை. பின் அச்சில் 580 கிலோதான் இருக்கிறது, வில் விறைப்பாக நின்று பின்பக்கம் துள்ளும், பிறேக் அடித்தால் பின் சக்கரம் உடனே பூட்டிக்கொள்ளும். மெதுவாக வாருங்கள், மழை நேரத்தில் வேண்டாம். சேற்றுத்தகடும் பின் விளக்கும் இல்லாமல் வீதியில் ஏறினால் பொலிஸார் நிறுத்துவார்கள், ஒரு பலகையில் விளக்கைக் கட்டி, இலக்கத் தகட்டையும் அதில் பூட்டிக்கொண்டு வாருங்கள்.

தட்டுப் பூட்டி முடிந்ததும் அதே தராசில் மூன்று நிறைகளையும் மறுபடி எடுங்கள். எங்கள் கணக்கில் வெறும் லொறி 2,700, பின் அச்சில் 1,240 அளவில் வரவேண்டும். ஐம்பது கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏன் என்று தேடிவிட்டுத்தான் சரக்கு ஏற்ற வேண்டும். அந்தத் தராசுச் சீட்டோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்துக்குப் போய், பெட்டியின் வகையும் வெற்று நிறையும் மாறியதைப் பதிவில் திருத்திக்கொள்ளுங்கள். அடுத்த தகுதிச் சான்றிதழுக்கும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கும் போகும்போது அது தேவைப்படும், விபத்தொன்று நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பதும் அதைத்தான். கதவில் எழுதியிருக்கும் பழைய 2,280ஐயும் அழித்துவிட்டுப் புதிய நிறையை எழுதுங்கள்.

துரு எழும்பிய இடத்தை அதற்கு மேல் நீங்கள் சுரண்ட வேண்டாம், அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். தடிப்பை நான் அளந்து பார்க்கிறேன். அதன் பிறகு தட்டுக்குப் பணம் கட்டலாம்.